காப்பி அக்கா யார் பக்கம்

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக மூன்று கடைகள். நடுக்கடை அவருடையது. ஒரு பக்கம் என்னுடைய மூக்குக்கண்ணாடிக் கடை, இன்னொரு பக்கம் டயர் கடை. அவர் கடையில் இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் இருக்கும் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் காப்பி அக்கா. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் காதில் வாங்கி ஏமாந்து, "அக்கா, சூடா ரெண்டு காப்பி" என்று கேட்டதும் உண்டு. அக்கா முகத்தில் சிரிப்பே காட்டாமல், "சூடாத்தான் வரும். ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்பார்.

அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, வேகமான கை, ஓயாத கவலை. கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மகள் பள்ளியிலிருந்து வர ஐந்து நிமிடம் தாமதமானால் ஸ்டூலில் உட்கார மாட்டார். "அண்ணி கவலைப்படறதுக்குன்னே லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்காங்க" என்று அவருடைய கொழுந்தன் கேலி செய்வான்.

கொழுந்தன் அதே வீட்டின் மாடியில் குடியிருந்தான். அவன் வேலை பார்த்தது கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஆலையில். பழைய பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கும் ஆலை அது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிவிட்டு வருகிற மனிதர்.

அக்கா சுற்றுச்சூழல் போராட்டத்துக்குள் வந்தது தன் விருப்பத்தால் அல்ல. கொழுந்தனின் கடைவாய்ப் பல்லால் வந்தது. பல் வலி தாங்காமல் அவன் எங்கள் தெரு முனையில் இருக்கும் பல் டாக்டரிடம் போனான். டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தவர், பல்லை விட்டுவிட்டு ஈறையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஈறு ஓரத்துல நீலமா ஒரு கோடு ஓடுதே. எங்க வேலை பாக்கறீங்க?"

அந்த வாரமே அதே ஆலையிலிருந்து வந்த இன்னும் மூன்று பேருடைய ஈறுகளில் டாக்டர் அதே கோட்டைப் பார்த்தார். உடம்பில் ஈயம் சேர்ந்தால் வருகிற கோடு அது. பெரியவர்களுக்கே இப்படி என்றால் கால்வாய்க்கு இந்தப் பக்கம் விளையாடுகிற குழந்தைகளுக்கு எப்படி என்று அவருக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் பேசி முப்பது பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்க வைத்தார். இருபத்திரண்டு பேருக்கு ஈயம் அதிகம். அக்காவின் மகளுக்கு எட்டு வயது. அவள் ரத்தத்தில் இருக்கக் கூடியதைப் போல மூன்று மடங்கு இருந்தது.

"படிப்பு, ஞாபகம், வளர்த்தி எல்லாத்தையும் கொஞ்சம் பாதிக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல் அக்காவைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மகள் ரப்பரைத் தொலைத்துவிட்டு வந்தால் அதுவும் ஈயத்தால்தானோ என்று அக்கா கேட்பார். எல்லாப் பிள்ளைகளும்தான் ரப்பரைத் தொலைக்கின்றன. அதை யார் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. பெருக்கல் வாய்பாட்டில் ஏழாம் வரிசையில் மகள் தடுமாறியபோது, கடைக்கு வந்து என்னிடம் அழுதுவிட்டார்.

"எனக்கும் ஏழாம் வாய்பாடு வராதுக்கா" என்றேன்.

"உங்களுக்கு வரலன்னா வரல. அவளுக்கு வரலன்னா அது ஏன்னு நான் யோசிக்க வேண்டியிருக்கே."

பல் டாக்டர் 'மூச்சு இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். முதல் ஆறு மாதம் அது டாக்டரின் வரவேற்பு அறையில் இருந்த நாலு நாற்காலிக்குள்ளேயே நடந்தது. மனு எழுதுவார்கள், அக்கா நகல் எடுத்துக் கொடுப்பார், மனு போகும். பதில் வராது. பிறகுதான் ஓர் அறக்கட்டளை வந்தது. பசுமைக்காகப் பாடுபடும் அமைப்பு என்று சொன்னார்கள். அதன் சார்பில் ஓர் இளம்பெண் வந்தாள். கழுத்தில் எந்நேரமும் அடையாள அட்டை தொங்கும் என்பதால் எல்லாரும் அவளை அட்டை மேடம் என்றார்கள். "எந்த அட்டைன்னு பாத்துக்கங்க அண்ணி, ரத்தத்துலதான் அவங்களுக்கு ஆர்வம்" என்று கொழுந்தன் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அட்டை மேடம் நல்ல பெண்தான். சுறுசுறுப்பு, மரியாதை, ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாத குணம். அவள் வந்த பிறகு எல்லாமே நடந்தது. நானூறு பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. பள்ளி மொட்டைமாடியில் காற்றை அளக்கும் கருவி வந்து நின்றது. பேனர், வேன், வக்கீல் எல்லாம் வந்தன. துண்டறிக்கைகள் ஆயிரக்கணக்கில் அக்கா கடையில்தான் அச்சாகின. அந்த வேலையை நம்பித்தான் அக்கா இரண்டாவது மெஷினையே வாங்கினார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களும் கேட்கவில்லை என்று சொல்வதுதான் சரி. எனக்கு ஒருமுறை தோன்றியது. கேட்டால் கிடைப்பது நின்றுவிடுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆலை தன் உரிமத்தைப் புதுப்பிக்கவும் இரண்டாவது உலை கட்டவும் அனுமதி கேட்டிருந்தது. அதற்காக அரசு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தது. கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு பிற்பகல், அட்டை மேடம் அவசரமாக வந்து தானே மெஷினில் சில தாள்களை நகல் எடுத்தாள். நடுவில் போன் வந்தது. பேசிக்கொண்டே தாள்களை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

நகல் எடுக்க வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர் நகலை எடுத்துக்கொண்டு அசலை மெஷின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். அதனால் ஆள் நகர்ந்ததும் மூடியைத் தூக்கிப் பார்ப்பது அக்காவின் பழக்கம். அன்றும் பார்த்தார். ஒரு தாள் இருந்தது. தாள் என்று இருந்தால் அக்கா படித்துவிடுவார். அது அவருக்குப் பழக்கம் என்பதைவிட வியாதி.

அது அறக்கட்டளை தனக்குப் பணம் கொடுப்பவருக்கு எழுதிய அறிக்கையின் நடுப்பக்கம். பணம் கொடுப்பவர் வேறொரு பேட்டரி நிறுவனம். நகரத்தின் மறுகோடியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், அந்த நிறுவனம் இதே மாதிரி ஓர் உருக்காலையைக் கட்டிக்கொண்டிருந்தது. கால்வாய்க்கரை ஆலை மூடப்பட்டால் அங்கே வரும் பழைய பேட்டரி முழுவதும் புதிய ஆலைக்குத் திரும்பும் என்று ஒரு வரி. புதிய ஆலை இருக்கும் பகுதியில் பரிசோதனையோ விழிப்புணர்வு வேலையோ எதுவும் தொடங்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டிருப்பதாக இன்னொரு வரி. அதற்குக் கீழே: 'உள்ளூர் முகம்: பாதிக்கப்பட்ட சிறுமியின் தாய், நகல் கடை. கூட்டத்தில் இவர் பேசுவது பலன் தரும்.'

அக்கா அதை நின்றபடியே மூன்று தடவை படித்தார். மறந்துபோன அசல்களைப் போட்டு வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்று கடையில் உண்டு. அதில் போட மனம் வரவில்லை. மேசைக்கு அடியில் பாதி பிரித்த பேப்பர் கட்டு ஒன்று இருந்தது. அதன் நடுவில் செருகினார். செருகி முடிப்பதற்குள் போன் அடித்தது.

"அக்கா, ஒரு ஷீட் அங்க விட்டுட்டேனா?"

"இல்லையே மேடம். பாத்தேனே."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று தனக்கே தெரியவில்லை என்று பின்னால் சொன்னார்.

மறுநாள் காலை பல் டாக்டரிடம் போனார். நோயாளிகள் யாரும் வந்திருக்கவில்லை. உட்காரச் சொன்னபோது, பதற்றத்தில் நோயாளி சாய்கிற நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கத் தோன்றாமல் அதில் பாதி சாய்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"தெரியும்மா."

"தெரியுமா? எப்பலேர்ந்து சார்?"

"வந்த ரெண்டாவது மாசமே. ஒருத்தர் சொன்னார். நான் விசாரிச்சேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? நானூறு புள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுத்தோமே, அது பொய்யா? ஒரு புள்ளைக்குக் காய்ச்சல். மருந்து வாங்கிக் குடுக்கறவன் நல்லவனா கெட்டவனான்னு பாத்துக்கிட்டா நிப்பீங்க?"

"அவன் அடுத்த தெருப் புள்ளைக்குக் காய்ச்சல் குடுக்கப் போறானே சார்."

டாக்டர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கூட்டம் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. ஆலைக்காரன் கையில இது கெடச்சா நம்ம புள்ளைங்க ரத்தமே பொய்னு சொல்லிடுவான்" என்றார்.

அதுவும் நியாயம்தான். அக்காவைப் பிடித்து ஆட்டியதே அதுதான், இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. சொன்னால் தன் மகளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் மகளுக்குத் துரோகம். யோசித்து யோசித்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கடையில் டோனர் மாற்றும்போது பொடியைத் தரையெல்லாம் கொட்டினார், ஐந்து நகல் கேட்டவருக்குப் பதினைந்து எடுத்துக் கொடுத்தார். அதை மட்டும் பார்த்தேன்.

நான்கு நாள் கழித்து மகளுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. அன்று கணவருக்கு விடுமுறை. அவரைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அக்கா மகளோடு மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்து முதல் வேலையாக மேசைக்கு அடியில் குனிந்தார். கட்டு இல்லை.

"இங்க பாதிக் கட்டு ஒண்ணு இருந்துதே?"

"பேப்பர் தீந்துபோச்சு. அதைத்தான் எடுத்து ட்ரேல போட்டேன்" என்றார் கணவர். "ஏன், ஈரமா அது? நல்லாத்தானே ஓடிச்சு."

ட்ரேயை வெளியே இழுத்தார். அடியில் ஏழெட்டு வெள்ளைத் தாள்கள் கிடந்தன. அந்தத் தாள் இல்லை. எழுத்து இருந்த தாளின் வெற்றுப் பக்கத்தில் வேறு யாருடைய நகலோ ஏறி, அது கடையை விட்டுப் போய்விட்டிருந்தது.

"யார் யாரு வந்தாங்க?"

"யார் யாரோ வந்தாங்க. ஒரு ஸ்கூல் பையன். நிலம் வாங்கறவங்க ஒரு கும்பல். அந்த ஆலை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து நாப்பது பக்கம் எடுத்துட்டுப் போனார்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கணவர் கொடுத்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஏழெட்டுத் தாளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கணவர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் முழுக் கதையையும் சொன்னார்.

கணவர் மெஷின் ட்ரேயைத் தள்ளி மூடினார். "நாப்பது பக்கத்துல ஒண்ணா இருக்கணும்னு இல்லையே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"இல்லாம இருக்கணும்னும் இல்லையே" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு நாட்களில் அந்தத் தெருவில் காகிதம் வைத்திருந்த எல்லாரையும் அக்கா உற்றுப் பார்த்தார். பழைய வாடிக்கையாளர் யாராவது ஃபைலைத் திறந்தால், "குடுங்க, கசங்கியிருக்கு, சரி பண்ணித் தர்றேன்" என்று வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு கல்யாணத் தரகர், "என்னம்மா, ஜாதகத்துக்குப் பின்னாடி என்ன தேடறீங்க?" என்று கேட்டேவிட்டார். ஆலைக்காரர்கள் வழக்கம்போலச் சுவரொட்டி ஒட்டினார்கள்: 'கைக்கூலிகளை நம்பாதீர்!' போன வருஷமும் அதே சுவரொட்டிதான், அதே வாசகம்தான். போன வருஷம் அதைப் பார்த்துச் சிரித்த அக்கா இந்த வருஷம் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வந்தார். அவர்கள் கையில் தாள் கிடைத்துவிட்டது, கூட்டத்தில் நடுமேடையில் எடுத்துக் காட்டத்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"சும்மா இருங்கக்கா. வந்தா பாத்துக்கலாம்" என்றேன் நான். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

கொழுந்தனிடமும் சொல்லிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். "அண்ணி, நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் ஆலைய மூடினா எனக்கு வேலை போகும். அது போறது போறதுதான்." பிறகு குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "அந்தப் புது ஆலையில ஆள் எடுக்கறாங்களா?"

கூட்டத்துக்கு முந்தின நாள் அட்டை மேடம் வந்து இரண்டு பக்கம் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா பேச வேண்டியது. பெரிய எழுத்தில், தெளிவாக, நல்ல தமிழில் இருந்தது. நடுநடுவே அடைப்புக்குறிக்குள், 'இங்கே சற்று நிறுத்தவும்' என்றும், 'இங்கே மகளின் படத்தைக் காட்டவும்' என்றும் குறிப்புகள். அக்கா அதை என்னிடம் காட்டினார். "நான் எங்க அழணும்னு போடல பாருங்க. அதை மட்டும் எனக்கு விட்டுட்டாங்க" என்றார்.

மாநகராட்சிக் கூடத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். இடப்பக்கம் நாங்கள். வலப்பக்கம் ஆலைத் தொழிலாளர்கள், அவர்கள் நடுவில் கொழுந்தன். மேடையில் விசாரணை அதிகாரி. வழுக்கைத் தலை, களைத்த முகம், எதிரில் கண்ணாடி டம்ளர். ஆலை வக்கீல் முன்வரிசையில் ஒரு தடித்த ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அந்த ஃபைலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. வக்கீல் ஒவ்வொரு தடவை அதைப் புரட்டும்போதும் பக்கத்தில் இருந்த என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அதில் நகங்கள் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

பல் டாக்டர் பேசினார். ஈறு, நீலக்கோடு, நானூறு பிள்ளைகள். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா மைக்குக்கு முன்னால் போய் நின்று அந்த இரண்டு பக்கத்தைப் பிரித்தார். முதல் வரியைப் படித்தார். நிறுத்தினார். அது நிறுத்தச் சொன்ன இடமில்லை.

"சார், என் பொண்ணு ரத்தத்துல ஈயம் இருக்கு. மூணு மடங்கு. அது உண்மை. இந்த ஆலையிலேர்ந்துதான் வருது. அதுவும் உண்மை. இன்னொரு உண்மை இருக்கு. எங்க இயக்கத்துக்குப் பணம் குடுக்கறது இதே மாதிரி இன்னொரு ஆலை கட்டற கம்பெனி. இங்க மூடினா சரக்கெல்லாம் அங்க போகும். அங்க புள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்காங்க. நான் படிச்சேன்."

வலப்பக்கத்திலிருந்து பெரிய கூச்சல். விசில், கைதட்டல், "சொன்னோமில்ல!" என்ற கத்தல். கொழுந்தன் மட்டும் கைதட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆலை வக்கீல் எழுந்தார். ஆச்சரியம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஃபைலில் தாளும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்காவும் அந்த முகத்தைப் பார்த்தார். 'ஐயோ, வாயைக் கொடுத்துவிட்டோமே' என்று அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆதாரம் இருக்கா அம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"இருந்துது சார். தொலைஞ்சுபோச்சு."

இந்த முறை சிரிப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. அட்டை மேடம் எழுந்து, "இவங்க தனிப்பட்ட மன உளைச்சல்ல பேசறாங்க, இதைப் பதிவு செய்ய வேண்டாம்" என்று மெதுவாக, வருத்தத்தோடு சொன்னாள். அதிகாரி பேனாவை மூடினார்.

அப்போது பல் டாக்டர் எழுந்தார். மைக் இல்லாமலே பேசினார்.

"பதிவு பண்ணுங்க சார். அவங்க சொல்றது உண்மை. எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பணம் வாங்கினேன்."

அவ்வளவுதான் சொன்னார். உட்காரவில்லை, வெளியே போய்விட்டார்.

அக்கா இன்னும் மைக்கருகிலேயே நின்றார். அதிகாரி, "நீங்க ஆலையை மூடணும்னு சொல்றீங்களா, வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். எரிச்சலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"பணம் யாரோடதா இருந்தாலும் ஈயம் ஈயம்தான் சார். நீங்களே ஆள் அனுப்பி அளந்து பாருங்க. இங்கயும் அளங்க. அங்கயும் அளங்க."

அதன் பிறகு நடந்ததை நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. அரசு தன் செலவில் காற்றை அளந்தது. பள்ளி மாடிக் கருவி சொன்னதற்குக் கிட்டத்தட்டவே இருந்தது. இரண்டாவது உலைக்கு அனுமதி இல்லை. புகைபோக்கியில் புது வடிகட்டி வைக்கும்வரை முதல் உலையும் எரியக் கூடாது என்று உத்தரவு. வடிகட்டி வைக்க ஆலை எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. அந்த எட்டு மாதமும் கொழுந்தன் உட்பட அறுபது பேருக்கு வேலை இல்லை. அறக்கட்டளை விலகிக்கொண்டது. மொட்டைமாடிக் கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். நானூறு பிள்ளைகளுக்கான அடுத்த பரிசோதனை நடக்கவில்லை. அதற்காக அக்காவைத் திட்டிய தாய்மார்கள் உண்டு. ஒருத்தி கடை வாசலில் நின்று, "உனக்கு நியாயம் பேசறதுக்கு எம்புள்ள ரத்தமா கெடச்சுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று முழுவதும் அக்கா மெஷின் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்கத்தின் வேலை இல்லாமல் இரண்டாவது மெஷின் பாதி நாள் துணி போர்த்திக் கிடந்தது. பல் டாக்டர் நான்கு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. நகல் வேண்டுமென்றால் இரண்டு தெரு தாண்டிப் போய் எடுத்தார். ஆனால் அக்காவின் மகளை மட்டும் மாதாமாதம் தவறாமல் வரச்சொல்லி ரத்தம் எடுத்து அனுப்பினார். ஊசி குத்தும்போதுகூட அக்காவிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். மகளிடம்தான் பேசுவார். ஈயம் மெல்லக் குறைந்தது. மூன்று மடங்கு இரண்டாயிற்று, பிறகு ஒன்றரை.

ஊரில் சிலர் அக்காவை வீராங்கனை மாதிரி பேசத் தொடங்கினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, "எப்படி உங்களுக்கு இந்தத் துணிச்சல் வந்துது?" என்று கேட்டார்.

"துணிச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. "தாள் அவங்க கையில இருக்குன்னு நெனச்சேன். அவங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடலாம்னு சொன்னேன். இல்லன்னு தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டேனோ என்னமோ."

பத்திரிகைக்காரர் அதை எழுதவில்லை. அந்தத் தாள் இன்றுவரை எங்கேயும் வரவில்லை. யாருடைய பத்திரத்துக்குப் பின்னாலோ, யாருடைய மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னாலோ இருக்கிறது.

புதிய ஆலை குறித்த தேதியில் திறந்தது. அனுபவமுள்ள ஆட்களைத் தேடினார்கள். கொழுந்தன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். கம்பெனி வேன் வந்து தெரு முனையில் ஏற்றிக்கொண்டு போகும். சேர்ந்த அன்று அண்ணியிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அண்ணனிடம் சொல்லி அனுப்பினான். அக்கா கோபப்படவில்லை. "எப்ப போற, எப்ப வர்ற, வந்தா நேரா குளிக்கப் போ, பாப்பாவைத் தொடாத" என்று மட்டும் சொன்னார்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அரசு இன்னும் அளக்கவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. ஆனால் யாருடைய மனுவையோ நகல் எடுத்தபோது அக்கா ஒரு விதியைப் படித்திருந்தார். ஒரு பகுதியில் இருபது பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் சுகாதார நிலையம் பிள்ளைகளின் ரத்தத்தை இலவசமாகச் சோதித்தாக வேண்டும். அதை ஒரு பக்கத்தில் அடக்கி, எளிமையாக எழுதி, நூறு நகல் எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை அங்கே போனார். என்னையும் கூப்பிட்டார். நானும் போனேன்.

ஆலைச் சுவரை ஒட்டி ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்தன. முதல் மூன்று வீட்டில் கதவு திறக்கவில்லை. நான்காவது வீட்டில் ஒரு பெண் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, ஈரக் கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"இதுக்கு உங்களுக்கு யாரு பணம் குடுக்கறாங்க?" என்று கேட்டாள்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இதுக்கு யாரும் இல்ல. பேப்பர் என்னோடது, மெஷின் என்னோடது." பிறகு அது போதவில்லை போல, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "ரெண்டு மெஷின் இருக்கு. ரெண்டாவது, உங்க ஆலைக்காரங்க குடுத்த வேலையில வாங்கினது. அப்ப எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரர் இங்கதான் வேலைக்குப் போறார்."

"என் கொழுந்தனும் இங்கதான் வர்றான்."

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். உள்ளே ஏதோ ஒரு குழந்தை பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தம் எடுத்தா புள்ளைக்கு வலிக்குமா?"

"ஊசி வலிக்காது. ரிசல்ட் வர்ற வரைக்கும் நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்" என்றார் அக்கா.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் இருப்பார், அப்போது வந்து அவரிடம் பேசுங்கள் என்றாள். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடையைத் திறக்காமல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போனார்.